ரசிப்பதும் எதிர்ப்பதும்: எல்லன் வில்லிஸ் காட்டிய வழி

ராக் இசை விமர்சனத்தின் வரலாறு பெரும்பாலும் ஆண்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ‘நியூயார்க்கர்’ வார இதழ் 1968-இல் பாப் இசைக்கென முதன்முதலாக நியமித்த விமர்சகரோ 26 வயதுப் பெண்: எல்லன் வில்லிஸ். ராக் இசைக்கான முன்னோடிக் கலைக்களஞ்சியத்தை 1969-இல் தந்தவரும் ஒரு பெண்தான்: ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் லிலியன் ராக்ஸன்.

அதே ஆண்டு ஷுலமித் ஃபயர்ஸ்டோனுடன் சேர்ந்து ‘ரெட்ஸ்டாக்கிங்ஸ்’ என்ற பெண் விடுதலை அமைப்பை வில்லிஸ் தொடங்கினார். பெண்களை இழிவுபடுத்தும் பாடல்கள் ராக்கில் ஏராளம். அவற்றைப் பெண்கள் ஒதுக்கித்தள்ள வேண்டுமா, வரிகளை மறந்துவிட்டு இசையை மட்டும் ரசிக்க வேண்டுமா? இரண்டையுமே அவர் ஏற்கவில்லை.

1971-இல் அவர் எளிய சோதனை ஒன்றை முன்வைத்தார். பாடலில் ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றிப் பாருங்கள். அடக்கியாளும் ஆணின் இறுமாப்பைப் பாடும் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் ‘அண்டர் மை தம்ப்’, பெண் பாடினால் அவளுடைய பழிதீர்க்கும் கோபமாகிவிடும். மென்மையானதெனப் பெயரெடுத்த கேட் ஸ்டீவன்ஸின் ‘வைல்ட் வேர்ல்ட்’ அப்படி மாறாது. பிரிந்துபோகும் காதலன் வெளியுலகில் எப்படிப் பிழைப்பானோ என்று ஒரு பெண் பரிதாபப்படுவதைக் கற்பனை செய்வதே கடினம். வெளிப்படையான முரட்டுத்தனத்தைவிடக் கனிவாகப் பேசும் மேலாதிக்கம் ஆழமாக வேரோடியது என்பதை இந்தச் சோதனை அம்பலப்படுத்தியது.

கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடிய வில்லிஸ், கருக்கலைப்பை வெறுப்போடு பாடிய செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைக்குழுவின் ‘பாடீஸ்’ பாடலையும் தட்டிக்கழிக்கவில்லை. அதன் கருத்தை எதிர்த்துக்கொண்டே, மனத்தில் உள்ளதை அஞ்சாமல் உரத்துச் சொல்லும் துணிவை அந்த இசை தமக்கு ஊட்டியதாக 1977-இல் எழுதினார். தம் ரசனைக்கும் கொள்கைக்கும் இடையிலான முரணை மறைக்காமல், அதையே ஆராயும் பொருளாக்கினார். ராக் விமர்சனத்துக்கு முதிர்ச்சியைத் தந்தது இந்த நேர்மைதான்.

இருந்தும் அவருடைய ராக் கட்டுரைகளுக்கெனத் தனித் தொகுப்பு வந்தது 2011-இல், அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து. பெண்களை ஒதுக்கும் போக்கு அதன் பிறகும் ஓயவில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் நிறுவனர்களில் ஒருவரான யான் வென்னர், 2023-இல் ராக் மேதைகள் எழுவரின் நேர்காணல்களை நூலாக்கினார். எழுவரும் வெள்ளையின ஆண்கள். அந்த அறிவுத்தளத்தில் பேசக்கூடிய பெண் கலைஞர்கள் இல்லை என்று விளக்கமும் தந்தார். கண்டனம் எழுந்ததும், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறக்கட்டளை தன் இயக்குநர் குழுவிலிருந்து அவரை நீக்கியது.

பதவியைப் பறித்தால் மட்டும் போதாது. இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட பெண்களின் எழுத்தை முதல் பாடமாக வைத்து, ராக் விமர்சனத்தின் வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டும்.