பிள்ளையை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்

திடப்படுத்தல் வகுப்புக்கு வந்த பையன் ஒருவனிடம் விசுவாசப் பிரமாணம் சொல்லச் சொன்னேன். பிழையில்லாமல் ஒப்பித்தான். அடுத்த ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில் நின்றான். சபையார் எல்லாரும் அதே பிரமாணத்தைச் சேர்ந்து சொன்னபோது அவன் வாய் திறக்கவில்லை. எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று முன்வரிசையைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். பத்து வருஷமாக சண்டே ஸ்கூலுக்குத் தவறாமல் வந்தவன், வசனப் போட்டியில் பரிசு வாங்கியவன். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெற்றோரே, உங்களிடம்தான் கேட்கிறேன். அந்தப் பத்து வருஷத்தில் எத்தனை ஞாயிறு அவன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதித்திருக்கிறான்?

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமக் கோயிலில் வளர்ந்தவள் நான். முன்னால் பாய் விரித்திருப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் அதில் உட்காருவோம். பிரசங்கம் பாதி புரியாது. ஆனாலும் எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலேயே கீர்த்தனைகள் வாயில் ஏறிவிட்டன. பெரியவர்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு வந்ததுதான். சில நாள் அப்பா என்னைத் தன் பக்கத்தில் இருத்தி, பாட்டுப் புஸ்தகத்தில் வரிக்குக் கீழே விரல் ஓட்டிக்கொண்டே பாடுவார். எந்த வகுப்பிலும் இதை எனக்குக் கற்றுத்தரவில்லை.

இன்று பல நகரத்துச் சபைகளில் ஆராதனை நடக்கிற அதே நேரத்தில் பிள்ளைகளுக்குத் தனியாக ஹாலில் வகுப்பு. நமக்கு வசதியாகத்தான் இருக்கிறது, நிம்மதியாகப் பிரசங்கம் கேட்கலாம். இந்த நிம்மதிக்கு என்ன கொடுக்கிறோம் என்று யோசித்தோமா? 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி நடத்தியது, வாரமெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்காக. வீட்டில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்தப் பிள்ளைகளைக்கூடக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். படித்த நாம் பெற்ற பிள்ளைகளை வெளி ஹாலிலேயே விட்டுவிடுகிறோம்.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி வந்தால் மட்டும் நமக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிடுகிறது! மரியாள் வேஷம் என் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஆசிரியையிடம் சண்டை, தேவதூதன் இறக்கைக்குக் கடை கடையாக அலைச்சல், முன்வரிசையை மறைத்துக்கொண்டு செல்போன். தன் பிள்ளையின் நடனம் முடிந்ததும் எழுந்து போய்விடுகிறோம். கடைசி ஜெபத்துக்குப் பாதி நாற்காலி காலி. ஆலயம் என்றால் மேடை, கைதட்டல், பரிசு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு காலை டியூஷனுக்கு அனுப்பி அதையும் நிறுத்திவிடுகிறோம். பிறகு பையன் கோயிலுக்கு வருவதில்லை என்று போதகரிடம் போய் அழுகிறோம்.

யோவேல் தீர்க்கதரிசி சபையைக் கூட்டச் சொல்லும்போது பால்குடிக்கிற குழந்தைகளையும் விடவில்லை. இயேசுவிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியவர்கள் சீஷர்கள். அதற்காக அவர் விசனப்பட்டார். நம் பிள்ளைகளை வாசலில் நிறுத்துவதற்குச் சீஷர்கள்கூட வேண்டாம், நாமே போதும்.

சண்டே ஸ்கூலை மூடச் சொல்லவில்லை. நானும் அங்கேதான் பாடம் எடுக்கிறேன். அந்த வகுப்பு ஆராதனைக்கு முன்போ பின்போ நடக்கட்டும் என்று சபைக் கமிட்டியில் நீங்கள் கேட்க வேண்டும். ஆசிரியைகள் நாங்கள் கேட்டால் எடுபடவில்லை. பிள்ளையின் கையில் வேதாகமத்தைக் கொடுங்கள், செல்போனைக் கொடுக்காதீர்கள். காணிக்கையை அவன் கையாலேயே போடட்டும். வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு ஞாயிறு வேதபாடம் வாசிக்க இடம் கேளுங்கள். கைக்குழந்தை அழுதால் வெளியே தூக்கிப்போய் ஆற்றிவிட்டு, திரும்ப உள்ளே வாருங்கள். முகம் சுளிக்கிறவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.