25 பாகை என்றால் எவ்வளவு தூரத்துக்கு?

வரைபட மென்பொருளைப் புதிதாகப் பழகும் மாணவர்கள் அஞ்சுவது திரையில் வரும் சிவப்புப் பட்டையைக் கண்டுதான். ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று ஒரு வரி வந்ததும் கணினியை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள். உண்மையில் அது நல்ல செய்தி. மென்பொருள் தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு நின்றுவிட்டது, பொய் சொல்லவில்லை. நீங்கள் சந்தேகப்பட வேண்டியது, எந்தப் புகாரும் இல்லாமல் அழகான வண்ணங்களில் வந்து நிற்கும் வரைபடத்தைத்தான்.

பினாங்கு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இது கணினிப் பாடத்தோடு முடிந்துபோகும் விஷயம் அல்ல. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு (250 அடி) மேல் உள்ள நிலத்தையும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தையும் மலைநிலமாகக் கருதி அங்கே கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துவது இந்த மாநிலத்தின் திட்டமிடல் கொள்கை. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். அதற்கு மறு ஆண்டு அக்டோபரில் புக்கிட் கூக்குஸ் சாலைப் பணியின்போது 9 பேர். அந்த விபத்துகளுக்கும் நாம் பேசப்போகும் மென்பொருளுக்கும் தொடர்பில்லை. ஆனால் மலைச்சரிவு எத்தனை பாகை என்ற கேள்வியை இங்கே யாரும் பொழுதுபோக்காகக் கேட்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாம் மலையையே எடுத்துக்கொள்வோம். ஊருக்குப் பெயர் கொடுத்த மலை. அடிவாரத்தில் செரோக் தொக்குன் வனப்பூங்கா, செயிண்ட் ஆன் தேவாலயம், அதன் வளாகத்தில் பழைய எழுத்துகள் பொறித்த ஒரு பாறை. இந்த மலையின் சரிவை வீட்டிலிருந்தே கணக்கிட உங்களுக்கு இரண்டு பொருள்கள் போதும். ஒன்று, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள். மற்றொன்று, நாசா இலவசமாகத் தரும் உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றிவந்து, 60 மீட்டர் நீளமான கம்பத்தின் உதவியோடு ரேடார் மூலம் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டின் உயரத்தைப் பதிவு செய்தது. எஸ்.ஆர்.டி.எம். என்பது அதன் பெயர். பினாங்கு முழுவதும் அதன் ஒரே கோப்பில் அடங்கிவிடும்.

அந்தக் கோப்பு ஒரு படம் போலத் தெரியும். ஆனால் அது எண்களால் ஆன ஒரு பெரிய சதுரங்கப் பலகை. வரிசைக்கு 3,601 கட்டங்கள், அப்படி 3,601 வரிசைகள். ஒவ்வொரு கட்டமும் தரையில் ஏறத்தாழ 30 மீட்டர் அகலம், அதற்கு ஒரே ஓர் உயரம். இப்படிக் கட்டங்களாகச் சேமித்த தரவைத்தான் ராஸ்டர் என்கிறார்கள்.

கோப்பைத் திறந்து, ‘சரிவு’ கருவியை இயக்குங்கள். பெரும்பாலும் முதல் முறை புக்கிட் மெர்தாஜாமின் மலை மட்டுமல்ல, சமவெளியும் கிட்டத்தட்ட 90 பாகை செங்குத்தாகத் தெரியும். மென்பொருள் எதுவும் சொல்லாது. காரணம் எளிது. கட்டத்தின் உயரம் மீட்டரில் இருக்கிறது, அகலமோ பாகையில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையில். ஒரு கட்டத்தின் அகலம் 0.000278 பாகை. உயர வித்தியாசம் 1 மீட்டர் இருந்தாலே, ஒன்றை அந்தச் சின்ன எண்ணால் வகுத்தால் ஆயிரக்கணக்கில் வரும். அதுதான் 90 பாகை. தரவை மீட்டரில் அளக்கும் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். புக்கிட் மெர்தாஜாமுக்குப் பொருத்தமானது யூ.டி.எம். 47 வடக்கு.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. மாற்றுவது வேறு, பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றி ஒட்டுவது வேறு. அடுக்கின் பண்புகளுக்குள் போய் ‘இது யூ.டி.எம். 47’ என்று குறித்துவிட்டால், மென்பொருள் அதை அப்படியே நம்பும். தீர்க்கரேகை 100 என்பது 100 மீட்டராகவும், அட்சரேகை 5 என்பது 5 மீட்டராகவும் ஆகிவிடும். பினாங்கு முழுவதும் ஒரு மேசை அளவுக்குச் சுருங்கி, சுமத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் போய் விழும். ‘என் வரைபடம் காணாமல் போய்விட்டது’ என்று சொல்லும் மாணவர்களில் பலருடைய வரைபடம் அங்கேதான் மிதந்துகொண்டிருக்கிறது. சீட்டைப் பழையபடி வைத்துவிட்டு, உண்மையாகவே மாற்றித்தரும் கருவியை இயக்கினால் போதும்.

கடலோரத்தில் -32,768 மீட்டர் ஆழத்தில் பள்ளம் தெரிந்தாலும் பதற வேண்டாம். ‘இங்கே தரவு இல்லை’ என்பதற்கு அந்தக் கோப்பில் வைத்திருக்கும் குறியீடு அது. அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பினாங்கு மாநிலமே கடலுக்கடியில் போய்விடும். ‘தரவு இல்லை’ மதிப்பு எதுவென்று மென்பொருளுக்குச் சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள். படம் அபத்தமாக இருப்பதால் நீங்களே நிறுத்திவிடுவீர்கள். இனி வருவதுதான் என் கவலை.

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டீர்கள் என்று வையுங்கள். சரிவு வரைபடம் வந்துவிட்டது. 25 பாகைக்கு மேல் இருப்பதற்குச் சிவப்பு, கீழே இருப்பதற்குப் பச்சை. ஒரு கட்டத்தின் சரிவைக் கணக்கிட மென்பொருள் அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைப் பார்க்கிறது. இடப்பக்கக் கட்டத்தின் நடுவிலிருந்து வலப்பக்கக் கட்டத்தின் நடுவுக்கு 60 மீட்டர். இப்போது அந்த இடத்தில் மலையை வெட்டி எழுப்பிய 10 மீட்டர் செங்குத்துச் சுவர் ஒன்று இருக்கிறது, அதன் இரு பக்கமும் தட்டையான நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாடி உயரச் சுவர். மென்பொருள் 10-ஐ 60-ஆல் வகுக்கும். விடை 9 பாகைச் சொச்சம். பச்சை! கால் தவறி விழுந்தால் எலும்பு முறியும் இடம், வரைபடத்தில் விளையாட்டுத் திடல் போல இருக்கும். அந்தக் கட்டம் 25 பாகையைத் தொட வேண்டுமானால் 60 மீட்டருக்குள் நிலம் 28 மீட்டர் ஏற வேண்டும். இதைச் சரிபார்க்கப் படிவம் 3-இல் படித்த டேன் விகிதம் போதும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். ரேடார் அலை அடர்ந்த காட்டுக்குள் தரைவரை இறங்குவதில்லை. பெரும்பாலும் இலைக்கூட்டத்திலிருந்தே திரும்பிவிடும். ஆகவே எஸ்.ஆர்.டி.எம். சொல்லும் மலை உயரத்தில் மரங்களும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. 10 பாகை மட்டுமே சரிந்த நிலத்தில் திறந்தவெளி முடிந்து, மேட்டுப் பக்கத்தில் காடு தொடங்குகிறது, அங்கே மரங்களால் தரவில் 20 மீட்டர் கூடியிருக்கிறது என்று வையுங்கள். காட்டின் விளிம்பில் மென்பொருள் 27 பாகை காட்டும். சிவப்பு! அதே போல 60 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்டு நிலம், மரங்களின் தயவால் 76 மீட்டர் கோட்டைத் தாண்டிவிடும்.

ஆக, ஒரே வரைபடம் உண்மையான சுவரை மறைத்து, இல்லாத சரிவை உண்டாக்குகிறது. ஒரு பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் மென்பொருள் தன் கணக்கில் தவறு செய்யவில்லை. மலையை வெட்டக் கூடாது என்பவர் ஒரு சிவப்பு வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், வெட்டினால் ஒன்றும் ஆகாது என்பவர் ஒரு பச்சை வரைபடத்தை அனுப்பலாம். இருவரும் ஒரே இலவசத் தரவிலிருந்து, எதையும் திருத்தாமல், தங்களுக்கு வேண்டிய மூலையை வெட்டி எடுத்திருக்க முடியும். போதாததற்கு, அந்தத் தரவு 2000-ஆம் ஆண்டினுடையது. இதைப் படிக்கும் உங்களில் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வெட்டிய மேடும் நிரப்பிய பள்ளமும் அதில் இல்லை.

‘நுண்ணிய தரவு வாங்கினால் தீர்ந்தது’ என்று சிலர் சொல்வார்கள். விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளக்கும் லைடார் தரவில் கட்டம் 1 மீட்டருக்கும் சுருங்கும். இலைகளுக்கு நடுவே புகுந்து தரையையும் தொட்டுவிடும். மிகச் சிறந்த கருவி, மறுக்கவில்லை. ஆனால் அதில் சரிவு கணக்கிட்டால், தாமான் வீடுகளுக்கு முன்னால் ஓடும் சாக்கடையின் கரைகூட 25 பாகையைத் தாண்டிச் சிவப்பாகும். 30 மீட்டர் கட்டத்தில் மறைந்த சுவரும் தெரியும், கவலைப்படவே தேவையில்லாத ஓரடி மேடும் தெரியும். அப்படியானால் இந்த மலையின் உண்மையான சரிவு எது?

அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. சரிவு என்பது ஒரு தூரத்துக்கு உரிய எண். எவ்வளவு தூரத்துக்கு அளந்தோம் என்று சொல்லாத 25 பாகை, அலகு சொல்லாத எடையைப் போன்றது. கடையில் ‘அரிசி ஐந்து’ என்றால் கிலோவா, மூட்டையா என்று கேட்கிறோம் அல்லவா? இங்கே மட்டும் வண்ணத்தைப் பார்த்ததும் தலையாட்டிவிடுகிறோம்.

கட்டட அனுமதிக்கு நில அளவையாளர்கள் நேரில் அளந்துதான் முடிவெடுக்கிறார்கள், மாணவர்கள் இதில் தலையிட என்ன இருக்கிறது என்று ஆசிரியர்கள் சிலர் கேட்கலாம். அளவையாளரின் வேலையை நீங்கள் செய்யச் சொல்லவில்லை. ஆனால் ஊர்க் கூட்டத்திலும் செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் வந்து சேரும் வரைபடங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லப்போவது நீங்கள்தான். பொதுமக்கள் முன் வைக்கும் எந்த நில உயர வரைபடத்திலும் மூன்று விவரங்கள் அச்சிடப்பட வேண்டும்: கட்டத்தின் அளவு, தரவு எடுத்த ஆண்டு, அது வெறும் தரையா மரமும் கூரையும் சேர்ந்ததா என்பது. திசைகாட்டும் அம்புக்குறியை விடாமல் போடுகிறோம். வடக்கு எது என்பதைவிட இவை எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பள்ளிப் புவியியல் பணித்திட்டங்களிலும் வரைபடத்தின் அழகுக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியை, அதைத் தரையில் சரிபார்த்ததற்குக் கொடுக்கலாம்.

சமவெளியிலும் இதே சிக்கல்தான், அளவு மட்டும் சிறியது. எஸ்.ஆர்.டி.எம். உயரங்கள் முழு மீட்டரில் இருக்கும். கடலோரங்களில் கூரைகளும் மரங்களும் சேர்ந்து அது சராசரியாக ஏறத்தாழ 2 மீட்டர் கூட்டிச் சொல்கிறது. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த செபராங் பிறை மக்களுக்கு 2 மீட்டர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இந்தத் தரவில் தண்ணீரை 1 மீட்டர் உயர்த்திப் பார்த்து ‘எங்கள் தாமானுக்கு ஆபத்தில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பாகைமானி, ஒரு நூல், நூலின் முனையில் கட்ட ஓர் எடை போதும். பாகைமானியின் நேர்விளிம்பை மேலே வைத்து, நடுப்புள்ளியில் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். உங்கள் கண் உயரமே உள்ள நண்பரைச் சரிவில் மேலே நிறுத்தி, அவர் கண்ணை நேர்விளிம்பின் வழியே பாருங்கள். நூல் 90-இலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ அதுதான் சரிவு. செரோக் தொக்குன் பூங்காவிலிருந்து மேலே ஏறும் தார்ச்சாலையில், பெரியவர் ஒருவர் துணையோடு, ஒரு சனிக்கிழமைக் காலை பத்து இடங்களில் அளந்துவிடலாம். கட்டுமானத் தளங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் முதலில் 10 எட்டு இடைவெளியில் அளந்து, பிறகு 60 எட்டு இடைவெளியில் அளந்து, இரண்டையும் மென்பொருள் தரும் எண்ணுக்கு அருகில் எழுதுங்கள். சாலையோரம் மலையை வெட்டிய இடம் வந்தால் அதைத் தவறவிடாதீர்கள். மூன்று எண்களும் அதிகம் சண்டையிடுவது அங்கேதான்.