பேய் விருந்தில் ஒரு பலகாரம்

பிசாசுக்குப் பயப்படுகிறவர்கள் அக்டோபர் மாதக் கடைசியில் அமெரிக்காவுக்குப் பிரயாணம் செய்யக் கூடாது. இது அடியாள் அநுபவத்தில் கண்ட உண்மை. நியூ ஜெர்ஸியில் குடித்தனம் செய்யும் என் பெண்ணின் வீட்டுக்குச் சென்ற ஐப்பசியில் போயிருந்தேன். வண்டி அவர்கள் தெருவில் திரும்பியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வீட்டு மரத்தில் எலும்புக்கூடு தொங்குகிறது. அடுத்த வீட்டுப் புல்தரையில் வரிசையாகக் கல்லறைகள். வாசற்படிதோறும் கண்ணும் மூக்கும் பல்லும் குடைந்த பரங்கிக்காய், அதற்குள்ளே விளக்கு. "இந்தத் தெருவில் இத்தனை துக்கமா, அம்மா?" என்று கேட்டேன். பெண் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கிற்று.

விஷயம் இதுதான். நவம்பர் 1-ந் தேதி கிறிஸ்தவர்களுக்குச் சகல பரிசுத்தவான்களின் திருநாள். அதற்கு முந்திய இரவுக்கு ஹாலோவீன் என்று பெயர். அதற்கும் வெகு காலம் முன்பே, அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிய ஜனங்கள் குளிர்காலம் பிறக்கும் நாளைக் கொண்டாடி வந்தார்கள். அன்றிரவு இறந்தவர்களின் ஆவிகள் இவ்வுலகில் நடமாடும் என்பது நம்பிக்கை. அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்து சேர்ந்ததும், குடைவதற்கு அதைவிடச் சுலபமான பரங்கிக்காய் கண்ணில் பட்டது. இப்போது பயமெல்லாம் போய் வேடிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. குழந்தைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிறார்கள். பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் விருந்து நடக்கிறது.

அந்த விருந்தில் தட்டைத் தொட்டால் தளதளவென்று ஆடும் ஒரு பலகாரம் உண்டு. மண்டையோடு, மூளை, கண்விழி என்று பலவித அச்சுகளில் வார்த்து எடுப்பார்கள். அதை ஆடச் செய்யும் வஸ்துவுக்கு ஜெலாட்டின் என்று பெயர். மாடு, பன்றி முதலிய பிராணிகளின் தோலையும் எலும்பையும் பக்குவம் செய்து எடுப்பது அது. முற்காலத்தில் கன்றின் கால்களை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து, வடிகட்டி, கொழுப்பை நீக்கி இதைச் செய்ய வேண்டியிருந்தது. அதனால் அது பணக்காரர் வீட்டு உணவாக இருந்தது. 1845-ல் பீட்டர் கூப்பர் என்பவர் தூளாகச் செய்யும் முறைக்குப் பேடெண்டு வாங்கினார். 1897-ல் நியூயார்க் ராஜ்யத்தில் லீராய் என்ற ஊரில் பெர்ல் வெயிட் என்பவர் அதில் பழவாசனையும் சர்க்கரையும் சேர்த்தார். அவருடைய மனைவி மே அதற்கு 'ஜெல்-ஓ' என்று நாமகரணம் செய்தார். வியாபாரம் ஓடவில்லை. 1899-ல் 450 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் பெரும் செல்வம் சேர்த்தார்! பிறகு ஏழை வீட்டுக் குழந்தைக்கும் அந்தப் பலகாரம் கிடைத்தது.

எங்கள் வீட்டுக் குழந்தைக்குத்தான் அது வினையாக வந்தது.

அதற்கு முந்திய வருஷம் பள்ளிக்கூடத்து ஹாலோவீன் விருந்தில் என் பேத்தி பச்சை நிற மூளை ஒன்றை ஆசையோடு சாப்பிட்டாளாம். அப்போது அவளுக்கு ஏழு வயது. பக்கத்திலிருந்த பையன், "உங்கள் வீட்டில் மாமிசம் சாப்பிட மாட்டீர்களே! இது எலும்பில் செய்தது, தெரியாதா?" என்று கேட்டானாம். அவன் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்ததைச் சொன்னான். குழந்தை வீட்டுக்கு வந்து இரவு சாப்பிடவில்லை. "அம்மா, நான் பாவம் பண்ணிவிட்டேனா?" என்று கேட்டு விம்மினாளாம். தெரியாமல் செய்தது பாவமல்ல என்று தாயார் தேற்றினாள். ஆனால் அதன் பிறகு அவள் எந்த விருந்துக்குப் போனாலும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றையும் தொடாமல் நிற்பதை வழக்கமாக்கிக் கொண்டாள். எட்டு வயதில் பந்தியில் தனியாக நிற்பது என்றால் இலேசான காரியமா?

நான் போயிருந்த வருஷம் விருந்து எங்கள் பெண் வீட்டிலேயே. பதினொரு குழந்தைகள். "அந்த ஆடுகிற பலகாரமே வேண்டாம், முறுக்கும் கேக்கும் போதும்" என்றாள் பெண். மாப்பிள்ளையும் ஆமோதித்தார். பேத்தி மட்டும், "வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே! நான் சாப்பிடும்படியாகச் செய்து கொடேன், பாட்டி" என்றாள்.

சட்டென்று எனக்குக் கடற்பாசி ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் அண்டை வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. ரமலான் நோன்பு மாதத்தில் அந்த வீட்டு அம்மாள் கடற்பாசியைக் காய்ச்சிச் சர்க்கரையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து, தட்டில் ஊற்றி ஆற வைத்து, வில்லை வில்லையாக அறுத்து எங்களுக்கும் அனுப்புவாள். ஜில்லென்று தொண்டையில் இறங்கும். கடைகளில் அகர் அகர் என்றும் சைனா கிராஸ் என்றும் விற்பது அதுவேதான். சமுத்திரத்தில் வளரும் செம்பாசியிலிருந்து எடுப்பது. எலும்புக்கும் தோலுக்கும் அதில் வேலையில்லை.

அண்டை வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த இந்த அறிவு லோகத்துக்குச் செய்த உபகாரம் ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். நியூயார்க்கில் பிறந்த பான்னி ஹெஸ்ஸே என்ற அம்மாள், ஜாவாவில் வசித்துவிட்டு வந்த அண்டை வீட்டாரிடம் கடற்பாசிப் பலகாரம் செய்யக் கற்றாள். ஜெர்மானிய வைத்தியரான அவள் கணவர் 1881-ல் பெர்லினில் ராபர்ட் காக் என்ற பெரியாரின் ஆராய்ச்சிசாலையில் வேலை செய்தார். நோய்க் கிருமிகளை ஜெலாட்டின் மீது வளர்த்துப் பார்த்தார்கள். கோடை உஷ்ணத்தில் அது உருகி ஓடிற்று. "உம்முடைய பலகாரம் மட்டும் ஏன் உருகுவதில்லை?" என்று கணவர் கேட்க, அம்மாள் கடற்பாசியைக் காட்டினாள். க்ஷயரோகக் கிருமியைப் பற்றி 1882-ல் காக் வெளியிட்ட கட்டுரையில் அகர் அகர் இடம் பெற்றது. அம்மாளின் பெயர் இடம் பெறவில்லை! இன்றும் உலகெங்கும் வைத்திய சோதனைச் சாலைகளில் கிருமிகள் வளர்வது கடற்பாசியின் மேல்தான்.

இனிச் செய்முறை. ஆரஞ்சு நிறப் பரங்கிக்காய்களும், வெள்ளை நிறக் கண்விழிகளும் செய்தோம்.

பரங்கிக்காய்க்கு: ஜலம் 1 கிண்ணம், கடற்பாசித் தூள் 2½ தேக்கரண்டி, சர்க்கரை 4 மேஜைக்கரண்டி, ஆரஞ்சுப் பழரசம் 1 கிண்ணம். தூளைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே அடுப்பில் வைத்து, கொதி வந்தபின் மூன்று நிமிஷமாவது கொதிக்க விட வேண்டும். ஜெலாட்டினைக் கொதிக்க விட்டால் கெடும். கடற்பாசியைக் கொதிக்க விடாவிட்டால் உறையாது. சர்க்கரை கரைந்ததும் இறக்கிப் பழரசத்தைச் சேர்க்கவும். பழரசத்தைக் கூடவே கொதிக்க வைத்தால் புளிப்பினால் உறையும் சக்தி குறையும். பழரசம் ஐஸ் போலவும் இருக்கக் கூடாது. ஊற்றியவுடன் நூல் நூலாகத் திரிந்துவிடும். முதல் ஈட்டில் இந்தத் தவறைத்தான் நான் செய்தேன்.

கண்விழிக்கு: ஜலம் 1 கிண்ணம், தூள் 2 தேக்கரண்டி, சர்க்கரை 4 மேஜைக்கரண்டி, வெதுவெதுப்பான கெட்டித் தேங்காய்ப் பால் 1 கிண்ணம். இதையும் அவ்விதமே காய்ச்சி, இறக்கிய பிறகு பாலைச் சேர்க்கவும். அச்சுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. ஓட்டையில்லாத இட்லித் தட்டு இருக்கிறதே, அதைவிடச் சிறந்த கண்குழி ஏது? குழியைத் தண்ணீரில் நனைத்து, பாதியாக நறுக்கிய கறுப்புத் திராட்சையைத் தோல் பக்கம் கீழாக வைத்து, முதலில் ஒரு கரண்டி கலவை விட்டு, அது தொட்டால் சற்றே ஒட்டும் பதத்தில் மீதியை ஊற்ற வேண்டும். முழுதும் உறைந்த பின் ஊற்றினால் இரண்டு அடுக்கும் ஒட்டாமல் பிரிந்துவிடும். ஐஸ் பெட்டிகூட அவசியமில்லை. சாதாரண உஷ்ணத்திலேயே உறையும். ஓரத்தை விரலால் தளர்த்திக் கவிழ்த்தால், கறுப்பு மணியுடன் கண் நம்மைப் பார்த்து முறைக்கும்! நசுக்கிய ஸ்டிராபெர்ரிப் பழத்தைச் சர்க்கரையுடன் சுற்றிலும் விட்டால் ரத்தம் தயார்.

ஒரு எச்சரிக்கை. சிறு குழந்தைகளுக்குத் திராட்சையை முழுதாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நாலாக நறுக்க வேண்டும். கண்விழியையும் துண்டு செய்து, உட்கார வைத்துத் தரவேண்டும். கடைப் பலகாரம் வாங்குகிறவர்கள் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கட்டும். மார்ஷ்மெல்லோவிலும் ரப்பர் போன்ற மிட்டாய்களிலும், மருந்துக் குப்பிகளிலும்கூட ஜெலாட்டின் ஒளிந்திருப்பதுண்டு. பெக்டின் என்று போட்டிருந்தால் அது பழத்திலிருந்து எடுத்தது.

தூள் கிளறும்போது நான் பேத்தியிடம் மற்றொரு கதையும் சொன்னேன். நம் ராமநாதபுரம் ஜில்லாவில் மண்டபம், பாம்பன் கரைகளில் ஸ்திரீகள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி முதலியவற்றைப் பறித்து வருகிறார்கள். அந்தப் பாசியிலிருந்து மதுரைப் பக்கத்து ஆலைகளில் அகர் அகர் எடுக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன் இந்தச் சரக்குக்கு உலகம் ஜப்பானையே நம்பியிருந்தது. யுத்தத்தில் வரவு நின்றதும் ஆராய்ச்சிசாலைகள் திண்டாடின. நம் கடலடியில் இருந்த செல்வத்தின் அருமை அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. மூச்சடக்கி அதை எடுத்து வரும் கைகளின் அருமை இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்? "அந்தப் பாட்டிகளுக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள் குழந்தை. முட்டும் என்றேன்.

விருந்தன்று பேய்களும் சூனியக்காரிகளும் மேஜையைச் சூழ்ந்தார்கள். எலும்புக்கூடு வேஷம் போட்ட ஒரு முஸ்லிம் பையன் மட்டும் தட்டை நீட்டாமல் பின்னால் நின்றான். அந்த நிலையை என் பேத்தியை விட யார் நன்றாக அறிவார்கள்? நேரே அவனிடம் போனாள். "இது எலும்பில் செய்ததில்லை; கடலில் முளைத்தது. எங்கள் பாட்டியின் ஊரில் உன்னைப் போன்றவர்கள் வீட்டில்தான் இதைச் செய்வார்கள்" என்றாள். எலும்புக்கூடு இரண்டு கண்களை விழுங்கிற்று, மூன்றாவதும் கேட்டது.

மறுநாள் காலையில் அதே தட்டில் இட்லி வார்த்தோம். மாப்பிள்ளை ஒவ்வோர் இட்லியையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பித்தார்.