ஃபாயில் பேப்பருக்குள் பாஸ்போர்ட், ஜெராக்ஸ் கடையில் சாவி

பரோட்டா பார்சல் கட்டுகிற ஃபாயில் பேப்பருக்குப் புது வேலை வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டைச் சுற்றி வைக்க வேண்டுமாம்! பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவன் செல்போனை வைத்தே விவரங்களை உருவிவிடுவான் என்று ஒரு பயம். பயந்தவர்களுக்கு விற்க ரெடிமேட் உறையும் தயார்.

முதலில் அந்த பாஸ்போர்ட்டில் சிப் இருக்கிறதா? இந்தியாவில் சாதாரண மக்களுக்கு இ-பாஸ்போர்ட் வரத் தொடங்கியதே 2024 ஏப்ரலில்தான், அதுவும் சோதனை முறையில். சென்னைக்கு வந்தது 2025 மார்ச்சில். அதற்கெல்லாம் முன்பே கடம்பூரில் ரயிலேறி, திருநெல்வேலி சேவா கேந்திராவுக்குப் போய் விண்ணப்பித்து வாங்கியது வெறும் காகிதப் புத்தகம். அட்டையில் தங்க நிறத்தில் சின்னதாக ஒரு சிப் அடையாளம் இல்லையா? ஃபாயிலைப் பரோட்டாவுக்கே விட்டுவிடலாம்.

இருந்தால், உறை செய்வது பத்து நிமிட வேலை. இரண்டு கெட்டித் தாளுக்கு நடுவே ஃபாயிலை ஒட்டி, பாஸ்போர்ட் முழுக்க மறையும்படி மடித்தால் முடிந்தது. மடிப்பில் கிழிந்தால் வேறு செய்ய வேண்டும். வேலை செய்யுமா? செய்யும். சிப்பில் பேட்டரி கிடையாது. ரீடரின் காந்தப்புலம் பட்டால்தான் அதற்கு உயிர். உலோகம் அதை மறித்துவிடும். 2005ல் அமெரிக்காவில் பூட்டே இல்லாத சிப்பை வைக்கத் திட்டம் போட்டு, எதிர்ப்பு கிளம்பிய பிறகு பூட்டும் போட்டார்கள், அட்டைக்குள்ளேயே உலோகத் தடுப்பும் வைத்தார்கள். ஆகவே இந்தப் பயம் அடியோடு கற்பனை இல்லை.

ஆனால் இப்போது அந்தப் பூட்டு இருக்கிறதே! சிப்பைப் படிக்கும் தூரம் சில சென்டிமீட்டர். அவ்வளவு நெருங்கினாலும் சாவி வேண்டும். சாவி எது? பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி. மூன்றும் போட்டோ பக்கத்தின் அடியில் இருக்கிற அந்த இரண்டு வரிகளில் இருக்கின்றன. ஏர்போர்ட்டில் அந்தப் பக்கத்தை முதலில் ஸ்கேன் செய்வது இதற்காகவும்தான்.

அந்தப் பக்கத்தை நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வளைகுடா வேலைக்கு என்று, முகம் தெரியாத ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஃபைலை அப்படியே விட்டுவிட்டு வருகிறார்கள். சரியாக விழாத காப்பி கடைக்காரரின் குப்பைக் கூடையில் (அடுத்த வாரம் அதில் வடை மடித்துக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை). அந்தக் காப்பி கையில் கிடைத்தவன் சிப்பை ஏன் தேடப் போகிறான்? போட்டோவும் பெயரும் தாளிலேயே இருக்கின்றனவே!

காப்பியின் குறுக்கே இன்ன வேலைக்கு, இன்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட எத்தனை பேருக்குத் தோன்றுகிறது? ஃபாயில் மடிக்கிற பத்து நிமிடத்தில் பத்து காப்பிக்கு எழுதிவிடலாம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஏஜெண்டுக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆனாலும் "ஒரிஜினல் எங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி" என்றதும் எடுத்து நீட்டுகிறார்கள்... ராத்திரி உட்கார்ந்து மடித்த ஃபாயில் உறையோடு சேர்த்து அது ஏஜெண்டின் மேசை டிராயருக்குள் போய்விடுகிறது.