கூண்டின் அளவைக் கேட்போர் நேரத்தைக் கேட்பதில்லை

திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பம் நாய்க்குட்டி வாங்க முடிவுசெய்ததும் எழும் முதல் கேள்வி, கூடு எந்த அளவில் வேண்டும் என்பது. நான்கடிக்கு மூன்றடி போதுமா, இரும்பா எஃகா, கூரைக்குத் தகரம் போடலாமா, தரைக்கு ஓடு பதிப்பதா கம்பிவலையே போதுமா எனப் பேச்சு நீளும். விற்பவரிடமும் பயிற்சியாளரிடமும் அண்டை வீட்டாரிடமும் இவற்றுக்கெல்லாம் விடை உண்டு. அந்தக் கதவு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பூட்டியிருக்கும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நாயின் வாழ்க்கை எப்படி அமையும் என்பது பெரும்பாலும் அந்த ஒரு விடையைப் பொறுத்தது.

இந்நகரில் இருவகைக் கூண்டுகள் புழங்குகின்றன. ஒன்று, மதில் சூழ்ந்த வீடுகளின் முற்றத்தில் நிற்கும் பட்டிக்கூடு. ஜி.ஐ. குழாயும் கம்பிவலையும் கொண்டு பட்டறையில் பற்றவைத்தது. நாய் பகல் முழுவதும் அதற்குள் இருக்கும். இரவில் சில வீடுகளில் வளவுக்குள் அவிழ்த்து விடுவார்கள். சில வீடுகளில் அதுவும் இல்லை. மற்றொன்று, கழக்கூட்டம், ஸ்ரீகாரியம் பகுதிகளின் அடுக்ககங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும் மடக்குக் கம்பிக்கூண்டு. அதன் பெயர் ‘கிரேட்’. அதற்குள் அடைப்பதன் பெயர் ‘கிரேட் பயிற்சி’. முதலாவதை வைத்திருப்பவரைப் பழைய வழக்கம் விடாதவர் என்றும், இரண்டாவதை வைத்திருப்பவரை அறிவியல் முறைப்படி நாய் வளர்ப்பவர் என்றும் படித்த வட்டாரம் மதிப்பிடுகிறது. காலை எட்டு மணிக்கு மூடிய கதவு இரு வீடுகளிலும் மாலை ஏழு மணிக்கே திறக்கிறதென்றால், இந்த மதிப்பீட்டுக்கு நாயின் தரப்பில் எந்தப் பொருளும் இல்லை.

சொற்களும் இந்த மயக்கத்துக்குத் துணை நிற்கின்றன. மலையாளத்தில் ‘கூடு’ என்பது பறவை தானே கட்டியதையும் மனிதர் கம்பியால் அடைத்ததையும் ஒருங்கே குறிக்கும். இன்றைய தமிழ் பெரும்பாலும் இரண்டையும் பிரிக்கிறது. குருவி கட்டுவது கூடு. புலியை அடைப்பது கூண்டு. கோழிக்கூடு போன்ற சில தொடர்களில் மட்டும் பழைய பொதுப்பொருள் தங்கியிருக்கிறது. மலையாளத்தில் ‘பட்டி’ என்றால் நாய். தமிழில் அதுவே ஆடுமாடுகளை அடைக்கும் இடம். ஆகவே ‘பட்டிக்கூடு’ என்ற சொல் தமிழ்ச் செவியில் விழும்போது அடைப்பு இருமுறை ஒலிக்கிறது, நாய் எங்கும் ஒலிப்பதில்லை. பெயர் எதுவானாலும் கூட்டையும் கூண்டையும் பிரிப்பது ஒன்றே: வெளியேறும் முடிவு உள்ளே இருப்பதன் கையில் உள்ளதா, வெளியே நிற்பவரின் கையில் உள்ளதா?

கூண்டை ஆதரிப்போரின் முதன்மை வாதம் உயிரியலின் பெயரால் முன்வைக்கப்படுகிறது. நாய் வளைகளில் வாழும் விலங்கு, ஆகவே குறுகிய இடம் அதற்குப் பாதுகாப்புணர்வைத் தருகிறது என்பர். இது பாதி உண்மை. ஓநாய்கள் வளையைப் பயன்படுத்துவது குட்டி ஈன்று பாலூட்டி வளர்க்கும் வாரங்களில் மட்டுமே. குட்டிகள் வெளியேறிய பின் கூட்டம் முழுவதும் திறந்தவெளியில்தான் உறங்குகிறது. இதற்கு ஓநாயைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. தெருநாய் ஈனும் காலத்தில் மதகடியையும் மாடிப்படியின் அடியையும் தேடுகிறது. பிற நாட்களில் கடைத்திண்ணையில் கால்நீட்டிப் படுக்கிறது. வீட்டு நாய் மேசைக்கடியில் ஒதுங்குவதும் உண்மையே. எனினும் மேசைக்கும் மதகுக்கும் வெளியிலிருந்து போடும் தாழ்ப்பாள் இல்லை. வளை வாதம் மெய்ப்பிப்பது திறந்த கதவுள்ள ஒரு மூலையின் தேவையை மட்டுமே. அதை வைத்துப் பதினொரு மணி நேரப் பூட்டை நியாயப்படுத்துவது, மனிதர் அறைகளில் உறங்க விரும்புகிறார்கள் என்பதைக் காட்டிச் சிறையை நியாயப்படுத்துவதற்கு ஒப்பாகும்.

உயிரியலை அழைப்பவர்கள் அதை முழுமையாக அழைக்கவேண்டும். ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நாய்களின் மரபியலையும் சமூக நடத்தையையும் பற்றி 1965-இல் வெளியிட்ட நூல், மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே குட்டி பிற உயிர்களோடு உறவு கொள்ளப் பழகும் முக்கியக் காலம் எனக் காட்டியது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்பது இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதி. அப்படியானால் சட்டப்படி வாங்கிய குட்டி வீடு வந்து சேர்வது அக்காலத்தின் இறுதிப் பகுதியில். அந்த நாட்களை முற்றத்துக் கம்பிவலைக்குப் பின்னால் கழித்த நாய், வளர்ந்தபின் அஞ்சல்காரரையும் குழந்தைகளையும் கண்டு வெறிகொள்கிறது. ‘இது மோசமான நாய், இதை வெளியே விட முடியாது’ என்று கூண்டு அதன்பின் நிரந்தரமாகிறது. கூண்டு உண்டாக்கிய குறையே கூண்டுக்குச் சான்றாகிவிடுகிறது.

தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, ஈரம் ஆவியாவதன் வழியாகவே அது பெருமளவு வெப்பத்தைத் தணிக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த கடற்கரை நகரில் இம்முறை சரிவரப் பயன் தராது. நிழல் தேடி இடம் மாறுவதே அதற்கு எஞ்சும் வழி. பங்குனி வெயிலில் தகரக் கூரையின்கீழ் பூட்டுவது அந்த வழியையும் அடைப்பதாகும்.

சட்டம் இதை அறியாததன்று. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, விலங்கு போதிய அளவு அசைய இயலாத கூண்டில் அடைப்பதைக் குற்றமாக்குகிறது. அதே பிரிவில் நாய்க்கென்றே ஒரு தனிக்கூறும் இருக்கிறது: வழக்கமாகச் சங்கிலியிலோ நெருக்கமான அடைப்பிலோ வைக்கப்படும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி அளிக்கத் தவறும் உரிமையாளர் குற்றம் செய்தவராவார். முதல் குற்றத்துக்குத் தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் நிர்ணயித்த இத்தொகை இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதாது. ஜல்லிக்கட்டு வழக்கென்று தமிழர் நன்கறிந்த 2014-ஆம் ஆண்டு நாகராஜா தீர்ப்பில், இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் விடுதலை உள்ளிட்ட ஐந்து விடுதலைகளை இச்சட்டத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்றது உச்சநீதிமன்றம். ஜல்லிக்கட்டு பற்றிய அதன் முடிவு பின்னர் சட்டத்திருத்தங்களால் மாறியது. காளையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதிட்ட சமூகம், தன் முற்றத்து நாய்க்கு இயல்பான நடத்தை எது என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்வீடனும் ஃபின்லாந்தும் நாயைக் கூண்டில் வைத்து வளர்ப்பதையே தடுத்து, பயணம் போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன.

பாதுகாப்பை முன்வைக்கும் எதிர்வாதத்துக்கும் விடை சொல்லவேண்டும். 2021 ஜூனில் இம்மாவட்டத்தின் அடிமலைத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டது. கேரள உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து, அதற்கு அந்த நாயின் பெயரையே சூட்டியது. அவிழ்த்துவிட்ட நாய்க்கு இதுதான் கதி, கூண்டே காப்பு என்போர் உண்டு. கொன்றவர்கள் மனிதர்களாயிருக்க, பூட்டு நாய்க்குப் போடப்படவேண்டும் என்பது விந்தையான முடிவு. அவ்வழக்கு எழுப்பியது வளர்ப்பவரின் பொறுப்பையும் உள்ளாட்சியின் பொறுப்பையும் பற்றிய வினாக்களை. அடைத்து வைப்பது அவற்றுக்கு விடையாகாது. அடுக்ககச் சங்கம் ஒப்பாது என்பது மற்றொரு சாக்கு. வளர்ப்பு விலங்குகளுக்குச் சங்கங்கள் முற்றான தடை விதிப்பது செல்லாதென்று அதே நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. இனி, காவலுக்காக வளர்க்கிறோம் என்பவர்களுக்கு: கூண்டுக்குள் பூட்டிய நாய் எதையும் காக்காது, குரைக்க மட்டுமே செய்யும். பூட்டிய கூண்டு நாயையும் காக்காது என்பதை 2018 ஆகஸ்ட் வெள்ளம் காட்டியது. சங்கிலியிலும் கூட்டிலும் விட்டுச் செல்லப்பட்ட விலங்குகள் தப்ப வழியின்றி நின்றன. தன்னார்வலர்கள் படகில் சென்று திறந்துவிட வேண்டியிருந்தது.

கூண்டுக்கு இடமே இல்லை என்பது இதன் பொருளன்று. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, அறுவைக்குப்பின் அசையாமல் வைக்க, தொடர்வண்டியின் பிரேக் வேன் பெட்டியில் பயணம் செய்ய, வெள்ளக் காலத்தில் முகாமுக்கு எடுத்துச்செல்ல, பெட்டிக்குப் பழகிய நாய் அஞ்சாது. குட்டிக்குக் கழிப்பிட ஒழுங்கைப் பழக்கவும் அது சில வாரங்கள் உதவும். நாய் தலை குனியாமல் நிற்கவும், தடையின்றித் திரும்பவும், கால்நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். வளரும் குட்டிக்கு முழு அளவில் வாங்கி நடுவே தடுப்பு வைப்பதே சிக்கனம். ஈரக்காற்றுள்ள ஊரில் நாற்புறமும் காற்றோடும் கம்பிப்பெட்டி வீட்டுக்கு ஏற்றது. பாதத்தைப் புண்ணாக்கும் வலைத்தரை கூடாது; மேலே உறுதியான பலகையோ தடித்த விரிப்போ வேண்டும். கழுத்துப்பட்டை கம்பியில் சிக்கி இறுக்கக்கூடும் என்பதால் கழற்றிவிட்டே உள்ளே விடவேண்டும். முதல் நாட்களில் கதவைத் திறந்தே வைத்து, உணவை உள்ளே வைத்து, நாய் தானாகச் சென்று வரப் பழகிய பின்னரே சில நிமிடங்கள் மூடவேண்டும். தண்டனையாக அதற்குள் தள்ளவே கூடாது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. பகல் முழுவதும் பூட்டினால் அது தன் கழிவின்மேல் படுக்கும், அதன்பின் எந்தக் கழிப்பிடப் பயிற்சியும் பலிக்காது.

செய்யவேண்டியவை அரிதானவை அல்ல. நாய் உரிமத்துக்குத் தடுப்பூசிச் சான்று கேட்கும் உள்ளாட்சி, நாய் எங்கே, எத்தனை மணி நேரம் அடைக்கப்படுகிறது என்பதையும் கேட்கலாம். தடுப்பூசி போடும் மருத்துவர் எடையைக் குறிக்கும் அட்டையில் அந்த எண்ணையும் குறிக்கலாம். கூண்டு விற்பவர் அளவுப் பட்டியலின் அருகே 11-ஆம் பிரிவைத் தொங்கவிடலாம். பகல் முழுவதும் வீட்டில் ஆளில்லாத குடும்பம், நண்பகலில் வந்து நாயை நடத்திச் செல்ல ஒருவரை அமர்த்தலாம். அதற்கும் வழியில்லையெனில் நாய் வாங்காமல் இருக்கலாம். பத்து மணி நேரம் பூட்டிவைத்தால்தான் வளர்க்க முடியும் என்ற நிலையில் உள்ளவர், கூண்டின் அளவைப் பற்றி யோசிக்கும் முன்பே நாய் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்திருக்கவேண்டும்.