மனை வாங்குமுன் மஹல்லாவைப் பாருங்கள்

சென்னைப் புறநகருக்குக் குடிபெயரும் நம்மவர் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தின் தூரத்தை அளக்கிறார்கள். பள்ளிவாசலின் தூரத்தை அளப்பதில்லை. 'விலை ஏறும்' என்னும் ஒரு சொல்லுக்காக வட்டிக் கடனிலும் விழுகிறார்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்தின்போது குபாவில் தங்கிய சில நாள்களிலேயே பள்ளிவாசல் எழுப்பினார்கள். நம்மவரோ மக்தப் இல்லாத இடத்தில் வீடு கட்டிவிட்டு, பிள்ளைக்கு ஓதத் தெரியவில்லையே என வருந்துகிறார்கள். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கியதை மறந்து, ஏரியை ஒட்டிய மனைக்கு முன்பணம் கொடுக்கிறார்கள்.

"வண்டி இருக்கிறதே" என்பர். நாம் கேட்கிறோம்: ஃபஜ்ருக்கு நடந்தே செல்லும் முதிய தந்தைக்கு எது வண்டி?

பத்திரம் பதியுமுன் பாங்கொலி கேட்கிறதா, அண்டை வீட்டார் யார், மழைநீர் எங்கே தேங்கும் என விசாரியுங்கள். ஈமானைக் காக்கும் இடமே இலாபமான இடம்.