பூக்காரிக்கு அபராதம், ஆபீசுக்கு?

கூடையில் நாலு பிளாஸ்டிக் பை இருந்தால் போதும். பூக்காரியிடம் பறிமுதல்! அபராதம்! கெஞ்சினாலும் விடுவதில்லை.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. சட்டம் சட்டம்தான். தப்பில்லை.

ஆனால் அதே சட்டம் ஆபீஸ் வாசற்படி ஏற மறுக்கிறதே, ஏன்?

காலை 11 மணி. பல ஆபீசுகளில் டீ வருகிறது. எதில்? உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பில்! அதுவும் தடைப் பட்டியலில் உள்ளதுதான். ஆளுக்கு இரண்டு வேளை டீ. 50 பேர் ஆபீசில் தினம் 100 கப். சாயங்காலம் அத்தனையும் குப்பை. லாரி அதைக் கொட்டுவது அதிகாரி வீட்டு வாசலில் அல்ல. கொடுங்கையூர் போன்ற இடங்களில், ஏழை ஜனங்களின் மூக்குக்கு எதிரே!

இன்னொரு கூத்து, ஏ.சி. அறையில் ஆளே இல்லை. 18 டிகிரியில் குளிர் அடிக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம், 24-ல் வைத்தால் போதும் என்று சொன்னது வேறு யாருமல்ல, மத்திய அரசின் எரிசக்தித் துறையே!

ஊருக்குத்தான் உபதேசமா?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். வருஷக்கணக்கில் உழைக்கும். எழுந்து போகும்போது சுவிட்சைத் தட்ட ஒரு விரல். இரண்டு பக்கமும் எழுதிய பிறகே காகிதம் குப்பைக்கு.

அதிகாரி முதலில் தன் மேஜையில் டம்ளரை வைக்கட்டும். அப்புறம் பூக்காரியிடம் அபராத ரசீதை நீட்டட்டும்!